கழுத்தக்கா சொன்ன அளவு

எங்கள் ஸ்கேன் அறையில் படம் எடுப்பவளுக்குப் பட்டப்பெயர் கழுத்தக்கா. பத்தொன்பது வருடமாகத் தைராய்டு கட்டிகளைப் பார்த்துப் பார்த்து, தெருவில் எதிரே வருகிறவர்களைக்கூட முதலில் கழுத்தில்தான் பார்ப்பாள். அவள் அளவு சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட் அடிப்பவள் நான்.

ஊசி குத்தாமலே படத்தில் முக்கால்வாசி தெரிந்துவிடும் என்பாள். ஓரம் வழவழப்பாக, அகலமாகப் படுத்துக் கிடந்தால் பெரும்பாலும் சாது. அகலத்தைவிட உயரமாக நின்றுகொண்டு, உள்ளே உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் சந்தேகம். ஆனால் நோயாளியிடம் நாங்கள் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அக்கா வாயைத் திறக்க மாட்டாள். கைதான் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல கழுத்தென்றால், "இந்தாம்மா, துடைச்சுக்கோ" என்று டிஷ்யூவை நீட்டுவாள். கெட்டதென்றால் கழுத்தில் தடவிய ஜெல்லை அவளே மெதுவாகத் துடைத்துவிடுவாள். தனக்கு இப்படியொரு பழக்கம் இருப்பதே அப்போது அவளுக்குத் தெரியாது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அவள் தங்கையிடம் ஒருநாள் சொல்லிச் சிரித்தேன்.

அக்காவுக்கு ஒரே தங்கை. எங்கள் அறைக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, "அக்கா, விழுங்கும்போது இங்க ஏதோ தடுக்குது" என்றிருக்கிறாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்து தடவிப் பார்த்துவிட்டு, "கழுத்துக் கட்டி பத்துல ஒம்பது ஒண்ணுமில்லாததுதான், போடி" என்றாளாம். ஊரார் கழுத்துக்கெல்லாம் மிஷின், வீட்டுக் கழுத்துக்கு ஈரக்கை! நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

குரல் கம்மிப்போன பிறகுதான் தங்கை எங்கள் அறையில் வந்து படுத்தாள். நான் திரையைப் பார்த்தேன். அகலம் பதினொன்று, உயரம் பதினெட்டு மில்லிமீட்டர். உள்ளே முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

"அகலம் பதினெட்டு, உயரம் பதினொண்ணு" என்றாள் அக்கா, குரல் பிசிறாமல்.

என் விரல்கள் நின்றுவிட்டன. அவள் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். நான் எதையோ தட்டினேன்.

"அப்ப படுத்துதான் இருக்கா?" என்று தங்கை சிரித்தாள். வீட்டில் சோற்றில் கை வைத்தால்கூட அக்காவுக்கு இந்தப் பேச்சுதானே, அதனால் அவளுக்கும் எல்லாம் அத்துப்படி.

"நல்லா குறட்டை விட்டுத் தூங்குதுடி."

சொல்லிக்கொண்டே டிஷ்யூவை உருவி, தங்கையின் கழுத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தங்கையின் சிரிப்பு அடங்கிவிட்டது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"குடுக்கா. நானே துடைச்சுக்கறேன்."

துடைத்தாள். எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கதவருகே போனதும் என்னிடம் திரும்பினாள்.

"அக்கா அளவை மாத்திச் சொல்லிட்டா. நீங்க சரியா அடிச்சிடுங்க."

சரியாகத்தான் அடித்தேன். பிறகு எடுத்த ஊசிப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. அடுத்த வருடம் தங்கை போய்விட்டாள்.

அக்கா இப்போதும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாரிடமும் டிஷ்யூவை நீட்டுவதில்லை. நல்ல கழுத்தோ கெட்ட கழுத்தோ, எல்லோருக்கும் அவளே துடைத்துவிடுகிறாள்.