விருந்தாளிக்கு ஏது உறுப்பினர் எண்?

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்வதுதான் அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், ஆனால் அவளை யாருக்கும் தெரியாது. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காலையில் நடை மன்றத்தோடு ஒரு மணி நேர நடை, பகலில் பல், மாலையில் மன்றத்தின் இணையதளத்தைக் கவனிப்பது. மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

அந்த இணையதளத்தைத்தான் இரண்டு மாதம் முன்பு அடியோடு மாற்றினாள். அதுவரை அதில் இருந்தது தலைவர் படமும் கூட்ட அறிவிப்பும் மட்டும். தலைவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஊரையே நடக்க விடாமல் ஏற்றி இறக்கியவர், இப்போது எல்லாரையும் நடக்கச் சொல்கிறார். “போற வர்றவங்களும் எழுதட்டும் சார். எந்தத் தெருவுல நிழல் இருக்கு, எங்க நாய் துரத்தும்னு அவங்களுக்குத்தானே தெரியும்” என்று மன்றாடி, ‘நீங்களும் எழுதலாம்’ என்று ஒரு பக்கம் திறந்தாள்.

ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அதை எடுத்துடலாம்மா. யாருக்கும் வேண்டாம் போல” என்றார் தலைவர். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாற்போல் இருந்தது.

சனிக்கிழமை மதியம் நாத்தனார் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பேருக்கு ஒண்ணாவது இருக்கட்டும் அண்ணி, நான் எழுதறேன்” என்று தன் போனில் நாலு வரி தட்டி அனுப்பினாள். ‘உறுப்பினர் எண் தரவும்’ என்றது திரை.

“எனக்கு ஏது நம்பர்?”

“ஏதாவது ஒண்ணு போடேன்.”

போட்டாள். ‘தவறான எண். ஏற்க இயலாது.’

“வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு மூஞ்சிலயே கதவைச் சாத்தறீங்களே அண்ணி” என்றாள் நாத்தனார்.

பல்செட்காரி தலையில் அடித்துக்கொண்டாள். உறுப்பினர் படிவத்தை அப்படியே நகலெடுத்த வினை. அவள் திறந்தால் அவளுடைய எண் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு எப்படித் தெரியும்? ஏற்காதவை போய்ச் சேரும் இடத்தைத் தேடித் திறந்தாள். நாற்பத்தொரு கடிதங்கள், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன.

அதில் ஒன்பது ஒருவரே அனுப்பியவை. முதலாவது ஒரு பக்கம் இருந்தது. நீளம்தான் குற்றம் என்று நினைத்தாரோ என்னவோ, பாவம், ஒவ்வொரு தடவையும் வெட்டி வெட்டி அனுப்பியிருந்தார். ஒன்பதாவதில் இரண்டே வரி: ‘தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால இருக்கற தெருவுல காலை எட்டு மணிக்கும் நிழல் இருக்கும். நான் தனியாத்தான் நடக்கறேன்.’ கீழே, ‘லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்காரி’.

மறுநாள் கூட்டத்தில் அவள் எதையும் வாசித்துக் காட்டவில்லை. நடந்ததைச் சொல்லி, அந்தக் கடிதத்தை மட்டும் அச்செடுத்துத் தலைவர் கையில் கொடுத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“பக்கத்தை எடுக்க வேண்டாம்மா. நம்பர் கேக்கறதை எடு” என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வர்றியான்னு நான் அவளை ஒரு நாள்கூட கேட்டதில்ல.”

பல்செட்காரிக்கு மனசு நிறைந்துவிட்டது, கண்ணும்தான்.

“நாளைக்கு எட்டு மணிக்கு எல்லாரும் அந்தத் தெருவுக்கு வந்துடுங்க” என்றார் தலைவர். “நான் வீட்டுல இருந்தே அவகூட நடந்து வந்துடறேன்.”