லண்டன் போன கோட்டும் ஸ்ரீரங்கத்துத் தையல்கடையும்

போன பதிவின் கீழே, ஸ்ரீரங்கம் போய்வர யோசனை கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது 1967 தை மாதம். பெருமாளைச் சேவிக்கப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் போனது வயிற்றெரிச்சலில்.

அப்போது கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவின் உடைப் பிரிவில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். துணியை அளந்து வெட்டுவது என் வேலை. தைப்பதற்கு வேறு ஆட்கள் உண்டு. பொங்கல் கழிந்த வாரம், திருச்சிப் பக்கம் படப்பிடிப்புக்கு இடம் பார்த்துவிட்டு வந்த புரொடக்‌ஷன் மானேஜர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"ஏகாம்பரம், உன்கிட்ட காஜா எடுத்துக்கிட்டிருந்தானே மருதமுத்து, அவன் ஸ்ரீரங்கத்துல கடை போட்டிருக்கான்யா. வெள்ளைக்காரங்க தேடி வந்து கோட்டு தைச்சுக்கிட்டுப் போறாங்க. நம்ம படத்துல வந்துச்சே, கழுத்தை மூடின காலர் வெச்ச கோட்டு, அதேதான். லண்டன்ல அதைப் போட்டுக்கிட்டு மேடையேறிப் பாடுறாங்களாம்."

அந்தக் கோட்டு என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த படம். கதாநாயகன் மாடிப்படியில் நின்று ஒரு பாட்டு முழுக்கப் பாடுவார். நாவல்பழ நிறத்தில் வெல்வெட், இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கும் காலர், கழுத்திலிருந்து இடுப்பு வரை நெருக்கமாகப் பொத்தான். ராத்திரியெல்லாம் யோசித்து வெட்டியது. படத்தின் எழுத்தில் என் பெயர் வரவில்லை, அது வழக்கமும் இல்லை. மெட்ராஸில் கல்யாண மாப்பிள்ளைகள் அதைப் பார்த்துத் தைத்துக்கொண்டபோது எனக்குள் சிரித்துக்கொண்டேன், அதோடு சரி. மருதமுத்து அந்தக் கோட்டுக்குச் செய்ததெல்லாம் காஜா, அதாவது பொத்தான் துளை சுற்றித் தைத்ததுதான். அதற்கு லண்டன். டீயைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். சுமார் இருநூறு மைல், மூன்றாம் வகுப்பு, ஒன்பது ரூபாய்ச் சொச்சம். விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் என்று எல்லா ஊரிலும் நின்று, லால்குடி தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. அடுத்து கொள்ளிடம் பாலம், அதைத் தாண்டியதும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன். அங்கேயே இறங்கியிருக்கலாம். ஆனால் கசங்கின சட்டையோடும் தாடியோடும் மருதமுத்து முன்னால் போய் நிற்க மனசு வரவில்லை. ஜங்ஷன் வரை போய், எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்து, குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டேன். வீண் செலவு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ். ஆறு மைல் இருக்கும், முக்கால் மணி நேரம். தேர்தலுக்கு முந்தைய நாட்கள். பாலக்கரை முழுக்கச் சுவரில் சின்னங்கள், அவற்றுக்கு நடுவே சினிமாத் தட்டிகள். மெயின்கார்டு கேட், சத்திரம் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் நல்ல காற்று. ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம், ஸ்ரீரங்கத்தில் மருதமுத்து என்பவரின் தையல்கடை தெரியுமா என்று கேட்டேன்.

"மருதமுத்துன்னா யாருக்குத் தெரியும்? இங்கிலீஷ்காரர் தைச்சுக்கிற கடைன்னு கேளுங்க, சின்னப்புள்ளைகூட சொல்லும்" என்றார். "லண்டன்ல அவரு கோட்டுதான் இப்ப எல்லாரும் போடுறாங்களாம். உங்களுக்கும் தைக்கணுமா?"

"பார்க்கலாம்" என்றேன். காவிரிக் காற்று அப்புறம் தெரியவில்லை.

இப்போது ஸ்ரீரங்கம் போகிறவர்களை வெகு தூரத்திலேயே வரவேற்கிறதே ராஜகோபுரம், அன்றைக்கு அது வெறும் அடித்தளம். மொட்டைக் கோபுரம் என்பார்கள். அதற்குக் கூப்பிடு தூரத்தில் கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டுமேஜை, ஆணியில் தொங்கும் துணிகள். சுவரில் அந்தப் படத்தின் ஸ்டில், கதாநாயகன் என் கோட்டோடு மாடிப்படியில். மருதமுத்து மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான்.

"வாங்கண்ணே, வாங்க. ஒரு கார்டு போட்டிருந்தீங்கன்னா ஸ்டேஷனுக்கே வந்திருப்பேனே. எங்க தங்கியிருக்கீங்க? அண்ணி, பிள்ளைங்கல்லாம் சௌக்கியமா?"

"பெருமாளைப் பார்க்க வந்தேன். அப்படியே உன் கடையையும் பார்க்கலாம்னு."

ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தான். தொட்டியத்துப் பையன். நான்கு வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பியவன். காப்பி வரவழைத்தான், நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் மரியாதை காட்டக் காட்ட எனக்குள் எரிச்சல் ஏறியது. திட்டுவதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

பத்து மணி சுமாருக்கு அந்த வெள்ளைக்காரர் வந்தார். ராபின் என்று பெயர், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், காதை மூடிய முடி. லண்டனில் ஐந்து பேர் கொண்ட பாட்டுக் குழுவில் கிடார் வாசிப்பவர். அவர் குடியிருந்த வீட்டு மாடியில் ஓர் இலங்கைத் தமிழ் மாணவர் இருந்திருக்கிறார். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போடுவார்களாம். அவரோடு போனவர் என் கோட்டைப் பார்த்தார். பாஷை புரியவில்லை, கதை புரியவில்லை, அந்தப் பாட்டுக்காகவும் கோட்டுக்காகவும் நான்கு முறை பார்த்ததாகச் சொன்னார். அதற்கு முந்தைய வருஷம் ஊர் சுற்றிக்கொண்டு இந்தியா வந்தபோது, அந்த மாணவரின் உறவினர்கள் திருச்சியில் இருந்ததால் இங்கே வந்தார். கோயில் பார்க்க வந்த இடத்தில் இந்தக் கடைச் சுவரில் ஸ்டில் கண்ணில் பட்டது. ஒன்று தைத்துக்கொண்டு போய் மேடையில் மாட்டினார். குழுவில் மற்றவர்களும் கேட்டார்கள், பாட்டுக் கேட்க வந்த பையன்களும் கேட்டார்கள். இப்போது மொத்தமாகத் தைக்க வந்திருக்கிறார்.

அவர் பேசியது எனக்கு முக்கால்வாசி புரிந்தது. ஸ்டுடியோவில் எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் பழகியிருந்தது. மருதமுத்து அவரிடம் உடைசலான இங்கிலீஷில், கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்: "சார், நான் சொன்னேனே, அது இவர்தான். கோட்டு முழுக்க இவரோடது. எனக்குக் காஜா மட்டும்தான்."

அப்படியானால் ஒரு வருஷமாக என் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். சண்டைக்கு வந்தவனுக்கு அந்தச் சண்டையும் போயிற்று.

ராபின் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், லண்டன் முழுக்க என் கோட்டு. அப்புறம் அவர் கேட்டார்: "நாலு தடவை பார்த்தும் ஒன்று தெரியவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் அவர் திரும்பவே இல்லை. அதன் முதுகு எப்படி இருக்கும்?"

நான் மருதமுத்துவைப் பார்த்தேன். அவன் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தான்.

சினிமா உடை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காமிராவுக்குத் தெரிகிற பக்கம்தான் உடை. அந்தப் படத்துக்கு வெல்வெட் பற்றாமல் போயிற்று. அளவெடுத்த பிறகு நடிகரும் இளைத்திருந்தார். முன்பக்கம் உடம்போடு ஒட்டி நிற்பதற்காக முதுகுக்குச் சாதாரணத் துணியைக் கொடுத்து, அதை நடுவே பிளந்து, இழுத்து வரிசையாகக் குண்டூசி குத்தியிருந்தோம். குத்தியது மருதமுத்து. நடிகர் திரும்பாததற்குக் காரணம், திரும்ப முடியாது. கையைத் தூக்கினால்கூட முதுகு பிரிந்துவிடும்.

"முதுகு கிடையாது" என்றேன். "குண்டூசிதான்."

ராபினுக்கு முதலில் புரியவில்லை. மருதமுத்து ஒரு துணியை எடுத்துத் தன் முதுகில் வைத்துக் காட்டியதும் அவர் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து மருதமுத்துவின் தோளில் தட்டினார். "அப்படியானால் நீ எனக்குத் தைத்த முதுகு முழுக்க உன்னுடையது. எங்கள் ஊரில் எல்லோரும் முதுகைத்தான் கேட்கிறார்கள்."

அதுவரை முழுக் கோட்டும் என்னுடையதாக இருந்தது. நானே இருநூறு மைல் வந்து, என் வாயாலேயே பாதியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மருதமுத்து தைத்து முடித்திருந்த ஒன்றை ராபின் மாட்டிக் காட்டினார். வெல்வெட் இல்லை, உறையூர்த் தறியில் நெய்த கனமான பருத்தி. தோளுக்குக் கீழே குறுக்கே ஒரு தனித் துண்டு, அதிலிருந்து விசிறி மாதிரி இறங்கும் இரண்டு மடிப்பு, இடுப்பில் ஒரு திறப்பு. கையைத் தூக்கினார், குனிந்தார், கிடார் வாசிப்பதுபோல் நின்று சுழன்றார். துணி அவரோடு போய், அவரோடு திரும்பி வந்தது. குறை கண்டுபிடிக்க எழுந்து போய்த் தையலை விரலால் தடவினேன். ஒன்றும் அகப்படவில்லை.

"மூணு கோட்டு பாக்கிண்ணே" என்றான் மருதமுத்து. "இன்னைக்கு இருந்து முன்பக்கம் மட்டும் நீங்க வெட்டிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும். அந்தக் காலர் உங்க கைக்கு நிக்கிற மாதிரி எனக்கு நிக்கிறதில்ல."

"கோயிலுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, நீண்ட வரிசை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். அத்தனை நேரமும் என் கண்ணில் பட்டது எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான். குழந்தையைத் தூக்கும்போது தோளில் இழுக்கும் சட்டை, கும்பிடும்போது மேலே ஏறும் ஜாக்கெட். பத்து வருஷமாக ஆட்களுக்கு வெட்டுகிறேன், இதையெல்லாம் பார்த்ததே இல்லை. பெருமாள் முன்னால் போய் நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் நன்றாக இருக்கட்டும் என்று நாக்கு வரவில்லை. கெட்டுப் போகட்டும் என்றும் வரவில்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே ஓர் ஓட்டலில் சாப்பாடு. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம், இரண்டாம் முறை சோறு கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். பாதி வயிற்றோடு மூன்று மணிக்குக் கடைக்குத் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. காலர் அவனுக்கு நிற்கவில்லை என்றானே, அது காரணமாக இருக்கலாம்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கத்தரியை எடுத்தேன். நான் முன்பக்கம், அவன் முதுகு. தோளில் இரண்டும் சேரும் இடத்தில் அரை அங்குலம் இடித்தது.

"ஷோல்டரை ஏன்டா முன்னால தள்ளியிருக்கே?"

"கிடார் வாரு அங்கதாண்ணே உக்காருது. தையல் அதுக்குக் கீழ வந்தா தோளை அறுக்குதுன்னாரு."

சாக்கட்டியைத் திரும்ப எடுத்தேன். துணியில் போட்டிருந்த என் தோள் கோட்டை அழித்துவிட்டு, அவன் போட்ட கோட்டுக்கு ஏற்ப வரைந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூன்று காலரும் நின்றன. ராபின் ஒன்றை மாட்டிக்கொண்டு தெருவில் மொட்டைக் கோபுரம் வரை நடந்து காட்டினார். மருதமுத்துவும் நானும் கடை வாசலில் நின்று அந்த முதுகு போவதைப் பார்த்தோம்.

இரவு வண்டியில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே ஏறினேன். மருதமுத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வழியனுப்ப வந்தான்.

"லண்டன்ல கடை போடலாம் வான்னு கூப்பிடுறாருண்ணே. நான் போனா கட்டிங்குக்கு நீங்க வந்துடணும்."

"பார்க்கலாம்" என்றேன். போகமாட்டேன் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து அவன் லண்டன் போனான். அதற்குள் மவுண்ட் ரோடு பிளாட்பாரத்தில் விற்கும் இங்கிலீஷ் பத்திரிகைகளில் எல்லாம் மூடின காலர்கள் வந்துவிட்டன. அந்தக் காலர் எங்கள் கோட்டிலிருந்துதான் போயிற்று என்று சொல்லமாட்டேன். அது நம் நாட்டில் பழைய உடுப்பு, பல வழியாகப் போயிருக்கும். ஆனால் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு மேடையில், கோடம்பாக்கத்தில் பிறந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு பையன்கள் ஆடினார்கள். கடைப் பலகையில் இருந்தது அவன் பெயர். என் பங்குக்கு, அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் முதுகு இல்லாமல் எந்தக் கோட்டும் வெட்டவில்லை. துணி வீணாகிறது என்று மேலே சத்தம் போட்டார்கள். அடுத்த படத்தின் பாட்டில் நடிகர் தானாகவே ஒரு சுற்றுச் சுற்றினார், டான்ஸ் மாஸ்டர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அது எந்த நாட்டுக்குப் போயிற்றோ, எனக்குச் செய்தி வரவில்லை.

இனி உங்களுக்கு வேண்டியது. தை, மாசியில் போங்கள், வெயில் தாங்கும். சென்னையிலிருந்து வந்தால் ஸ்ரீரங்கத்தில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், ஜங்ஷன் வரை போய்த் திரும்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். உறையூருக்கு டவுன் பஸ் இருக்கிறது, கைத்தறி வாங்க அரை நாள் ஒதுக்குங்கள். எங்கே தைக்கக் கொடுத்தாலும், கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மருதமுத்துவின் லண்டன் கடையை இப்போது அவன் மகள் நடத்துகிறாள். அவன் சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவான், வந்தால் என் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. போன மாதமும் வந்தான். "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கண்ணே. வேலைக்கில்ல, சும்மா பாக்கத்தான்" என்றான். என் மகன் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்கிறான். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டேன். பதில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.