காட்டெருமை தெரியுதா?

வந்தவன் துப்பாக்கியை மேசைமேல் வைப்பதற்குள் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிவிடுவாள் ஆர்டித் ஹாகன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல இருக்கும். ஆறடி உயரப் பண்ணைக்காரர்கள் எல்லாம் அந்தப் பிடிக்குள் கன்றுக்குட்டிகளாக நிற்பார்கள். "குறி கிடக்கட்டும். மொதல்ல கண்ணக் காட்டு" என்பாள்.

மொன்டானாப் புல்வெளிக் காற்று நம் ஊர்க் கோழியின் இறகைப் பிடுங்கிப் பக்கத்து ஊர்க் கோழிமேல் ஒட்டிவிட்டுப் போகும். அந்தக் காற்றில், அரை மைலுக்கு அப்பால் இரும்புத் தகட்டில் வெட்டி நிறுத்திய காட்டெருமையை ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியால் அடிக்கிறோம் என்று ஒவ்வொரு மே மாதமும் ஆற்றங்கரை மேய்ச்சல் நிலத்தில் கூடுகிறார்கள். தொலைநோக்கி மாட்டிய துப்பாக்கிக்கு அங்கே இடமில்லை. பின்னால் சின்ன ஏணி போல நிமிரும் பின்குறி, அதில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. குழல் முனையில் ஒரு வளையம், அதன் கீழே நீர்மட்டக் குமிழி. அவ்வளவுதான். யாருக்கு எந்தத் துளை, எந்த வளையம் என்று பொறுக்கிக் கொடுப்பது ஆர்டித்தின் தொழில்.

பின்குறி கண்ணை ஒட்டி நின்றால், துப்பாக்கி உதைக்கும்போது புருவத்தில் முத்திரை குத்தும். ஆர்டித்தின் வலப் புருவத்தில் அப்படி ஒரு பிறை உண்டு. "நான் படிச்ச காலேஜ்" என்று அதைத் தொட்டுக் காட்டுவாள். அவள் மேசைக்கு வந்தவர்கள் முகம் வெளிறாமல் திரும்பியது குறைவு. ஒரு பாதிரியாரிடம், "சாமி, சுடுற நேரத்துல கண்ண மூடிக்கிறீங்க. ஜெபத்த முன்னாடியே முடிச்சுருங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கம் பாதியில் நின்றுபோனதாம். குறியை மாற்ற வருகிறவர்களைப் பற்றி அவளிடம் ஒரே சட்டம்தான்: "கண்ணு மாறிப்போச்சுன்னு எவனும் ஒத்துக்க மாட்டான். இரும்பத்தான் திட்டுவான்."

இந்த மே மாதம் டெல்மர் க்ரூகர் வந்தார். ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். ஒரே வருடத்தில் இது மூன்றாவது மாற்றம். போன கோடையில் உயரமான பின்குறி, இலையுதிர் காலத்தில் பெரிய துளை, இப்போது இருப்பதிலேயே பெரிய வளையம் வேண்டுமாம். பின்னாலேயே மனைவி பெர்னிஸ், தோளில் தொலைநோக்கிப் பையோடு. சுடுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, குண்டு விழுந்த இடம் பார்த்து, "ரெண்டு நூல் எடது, ஒரு நூல் மேல" என்று காதில் சொல்ல எல்லோருக்கும் ஓர் ஆள் உண்டு. டெல்மருக்கு அவள்தான்.

இந்தச் சோடி ஊரின் செல்லக் கேலி. போன பனிக்காலத்திலிருந்து பேருந்திலும் பெர்னிஸ் அவர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து போகிறாள். வழி நெடுக டெல்மர் மாமா காதில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருகிறாள் என்று ஆர்டித்தின் மகள் டெசா சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டுவாள். "அறுபது வயசுலயும் தேன் வடியுது" என்று ஆர்டித்தும் சிரித்திருக்கிறாள்.

ஆர்டித் மணல் மூட்டைமேல் தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கிடத்தி, மேட்டில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று டெல்மரிடம் கேட்டாள். பதில் பெர்னிஸிடமிருந்து வந்தது. மறுபடி கேட்டாள், மறுபடியும் பெர்னிஸ்.

"இவரு வாய நீ வாடகைக்கு எடுத்திருக்கியா? போய் எனக்கொரு காப்பி வாங்கிட்டு வா."

பெர்னிஸ் தயங்கித் தயங்கிப் போனாள். டெல்மர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஆர்டித் குழலைச் சத்தமில்லாமல் வலப்புறம் நகர்த்தினாள். இப்போது வளையத்துக்குள் இருந்தது புல்லும் வானமும் மட்டுமே.

"காட்டெருமை தெரியுதா?"

டெல்மர் குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். "நல்லா நடுவுல நிக்குது."

ஆர்டித் அவர் வலக் கண்ணைக் கையால் மூடினாள். இடது கண்ணால் பார்க்கச் சொன்னாள்.

"இதுல இன்னும் பளிச்சுன்னு இருக்கு. இந்த வளையமே போதும், ஆர்டித். பழைய இரும்புதான் சரியில்ல."

முப்பது வருடமாக மற்றவர்களை வெளிறவைத்த ஆர்டித் ஹாகன் தலையைத் திருப்பிப் பேருந்தைத் தேடினாள். ருபார்ப் பை என்ற இனிப்பு விற்கிற கூடாரத்துக்கு அப்பால் மஞ்சள் பேருந்து நின்றது. போட்டி பார்க்கப் பள்ளியிலிருந்து கூட்டி வந்த பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு ஆற்றோரச் சாலை வழியாக ஊருக்குத் திரும்ப வேண்டும். ஜன்னலில் டெசா கையாட்டினாள்.

பெர்னிஸ் இரண்டு கோப்பைகளோடு வந்தாள். திரும்பியிருந்த குழலைப் பார்த்தாள், நின்றுவிட்டாள்.

"ரோட்டுலயும் நீதான் சொல்றியா?" என்றாள் ஆர்டித்.

காப்பி ததும்பிப் பெர்னிஸின் விரலில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. "லீவு விட ரெண்டு வாரந்தான் இருக்கு. அதோட நிறுத்திடுறேன்னு சொன்னாரு."

"கிறிஸ்துமஸ் லீவுக்கு என்ன சொன்னாரு?"

பெர்னிஸ் கோப்பைகளை மேசையில் வைத்தாள். டெல்மர்தான் பேசினார். இருபத்தாறு வருடச் சாலை, ஒவ்வொரு வளைவும் கைக்கே தெரியும் என்றார். "ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்திருக்கா, சொல்லு."

"இங்க வெறும் புல்லுதான் இருக்கு, டெல்மர். காட்டெருமை அந்தப் பக்கம் நிக்குது."

அவர் மறுபடி துளைக்குக் குனிந்தார். காற்று அவர் தொப்பியைத் தள்ளிக்கொண்டு போனது. மூவரில் ஒருவரும் அதை எடுக்க நகரவில்லை.

ஆர்டித் கையை நீட்டினாள். "சாவி."

நிமிர்ந்தவர் சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். நீட்டினார். அவள் உள்ளங்கைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் அவர் கை நின்றது. அங்கேயே காத்திருந்தது.

"எடது" என்றாள் பெர்னிஸ், குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் அதே குரலில். "இன்னும் ஒரு சாண்."

கை நகர்ந்தது. சாவி ஆர்டித்தின் உள்ளங்கையில் விழுந்தது.