ஏழில் முடிந்த மழைக்காலங்கள்

அணைக்காரருக்கு வயது நாற்பத்தொன்பது. தினமும் காலையில் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதுவது அவருடைய பதினோரு வருட உத்தியோகம். பார்த்து எழுதுவது விதி. மழைக்காலத்தில் பார்க்காமல் எழுதுவது வழக்கம். அளவுகோல் இருக்கும் இடத்துக்குப் பாசி பிடித்த அறுபது படி இறங்க வேண்டும். படியில் பாம்பு உண்டு. ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். அவருக்கு அதுவே ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. மழை பெய்தால் அறையின் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்து, நேற்றைய எண்ணோடு தோன்றியதைக் கூட்டி எழுதிவிடுவார்.

மேற்பார்வையாளர் பதவிக்குத் தரவு அறிவியலும் கணினிக் கணிப்பும் சேர்ந்த ஒரு சான்றிதழ் வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டதாரிகளுக்கான ஒன்பது மாதப் படிப்பு. இவரிடம் பழைய இயற்பியல் பட்டம் ஒன்று பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எட்டு மாதங்களைப் பயத்தாலேயே படித்துத் தாண்டினார்.

ஒன்பதாவது மாதம் ஆசிரியை ஏழு அணைகளின் நீர்மட்டத்தைத் திரையில் போட்டார்.

"ஆறு அணையோட எண்கள் குண்டும் குழியுமா கிடக்கு. இந்த ஒண்ணுதான் சுத்தம். மழையில எப்ப ஷட்டரத் திறக்கணும்னு சொல்ற புரோகிராமுக்கு இதையே அடிப்படையா வச்சுக்கலாம். சார், உங்க அணைதானே? நீங்களே பண்ணுங்க. முதல்ல கடைசி இலக்கத்தச் சோதிச்சுப் பாருங்க."

பதினோரு வருடத்தில் அணைக்காரருக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அவர் செய்யாத வேலைக்கு.

சோதனை எளிமையானது. அளந்து எழுதிய எண்களின் கடைசி இலக்கமாகப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லாம் ஏறக்குறைய சமமாக வரும். மனதிலிருந்து எழுதினால் ஒன்றிரண்டு இலக்கங்கள் செல்லப்பிள்ளைகளாகிவிடும்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, முகத்துல ஈயாடல?"

சொன்னார்.

"அன்னைக்குப் பாம்புக்குப் பயந்தீங்க. இன்னைக்குப் படிப்புக்கா?"

"பாம்பு ஒருத்தனத்தான் கடிக்கும். இந்த எண்ண நம்பி ஷட்டரத் தாமதமாத் திறந்தா, கீழ இருக்கிற வீடெல்லாம் போயிடும்."

"அப்பச் சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிடும்."

"அப்பச் சொல்லாதீங்க."

"நீ எந்தப் பக்கம் பேசுற?"

"நீங்க ஒரு பக்கமா நில்லுங்க, அப்புறம் நான் வர்றேன்."

அடுத்த வகுப்பில் விசையைத் தட்டினார். மழை நாட்களின் பட்டைப் படம் வந்தது. பூஜ்யமும் ஐந்தும் தரையோடு தரையாகக் கிடந்தன. இந்த இரண்டில் முடிந்தால் சந்தேகம் வரும் என்று மழைதோறும் அவற்றைக் கவனமாகத் தவிர்த்திருந்தார். ஏழு மட்டும் கோபுரமாக நின்றது. இவர் கவனமே இவரைக் காட்டிக்கொடுத்தது.

ஆசிரியை அருகில் வந்து குனிந்து பார்த்தார். "கோல்ல பெயின்ட் அழிஞ்சிருக்கும் போல. சின்னத் தப்புதான். சரிபண்ணிட்டு இதையே வச்சுக்கலாமா சார்?"

தப்பிக்க வாசலையே திறந்துவிட்டார் அந்த அம்மாள். 'ஆமாம்' என்றால் சான்றிதழ், பதவி, தனி அறை. படிகளில் இறங்கியிருந்தால்கூட இவ்வளவு வேர்த்திருக்காது.

"கோல் நல்லாத்தான் இருக்கு மேடம். மழை நாள்ல நான்தான் கீழ இறங்கல."

சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எத்தனை நாள்?"

"மழை பேஞ்ச எல்லா நாளும்."

ஆசிரியை நிமிர்ந்தார். "இத உங்க ஆபீசுக்கு நான் எழுதியாகணும் சார்."

"எழுதுங்க மேடம்."

எந்தெந்த நாள் பொய் என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தான் எழுதிவந்த மழைக்குறிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நாட்களின் எண்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். மதியத்துக்குள் முதல் வருடத்தில் எண்பத்துமூன்று கட்டங்கள் காலியாகின. இரண்டாவது வருடத்தைத் திறந்தார்.