நாலாவதாக ஒருவன்

மெத்தைக்காரி என்ற பெயரை அவளுடைய நாத்தனார் முதன்முதலில் கேட்டது, அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று சமையலறையில். "பொண்ணு என்ன பண்ணுது?" என்று யாரோ கேட்க, "மெத்தை தைக்குதாம், சோபாவும் பிரிச்சுக் கட்டுமாம்" என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வாசலோடு நின்றுவிட்டது, உள்ளே வந்தது மெத்தைக்காரிதான்.

ஆள் ஒல்லி. வளைந்த ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். கேட்பவர்தான் ஓரடி தள்ளி நிற்பார். தலைமுடியெல்லாம் பஞ்சு. "இப்பவே நரைச்சாச்சு, இனிமே வயசானா எனக்கென்ன?" என்பாள்.

விடிந்ததும் அலமாரிமேல் இருக்கும் கையளவு புத்தருக்கு விளக்கேற்றி, பூ வைத்து, நெற்றி தரையில் பட மூன்று தரம் விழுந்து கும்பிடுவாள். டயர் கடை மாடியில் பாடம் சொல்லும் பிக்குணி கற்றுக்கொடுத்தது. இவள் வாயில் அவர் 'மொட்டையம்மா'. கும்பிட்டு முடித்து வாய்விட்டு நலம் வேண்டுவாள். முதலில் தனக்கு. அடுத்து பிரியமான ஒருவருக்கு. மூன்றாவது, முன்பின் தெரியாத ஒருவருக்கு. அதற்கு மின்கணக்குப் பார்க்க வருகிறவரைப் பிடித்து வைத்திருந்தாள். நாலாவது, கண்டாலே பற்றிக்கொண்டு வருகிற ஒருவருக்கு.

"இதுல நான் எங்க அண்ணி?"

"நீ சில நாள் ரெண்டாவது. சில நாள் நாலாவது."

கணவன் போன பிறகு அந்த நாலாவது இடம் கொழுந்தனுக்கே நிலைத்துவிட்டது. வீட்டின் கடைசிப் பிள்ளை அவன். குடித்துவிட்டு வேனை ஓட்டி மரத்தில் மோதினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் அங்கேயே முடிந்தான். இவன் உடைந்த காலோடு பிழைத்தான். மாமியார் அவனைத் துரத்திவிட்டாள். அவன் பேச்சையே எடுக்கக் கூடாதென்று வீட்டில் சட்டம். அந்த வீட்டில்தான் மெத்தைக்காரி, அடுப்படிக்குக் கேட்கும்படி, "கொழுந்தன் நல்லா இருக்கட்டும். அவன் வலி தீரட்டும்" என்றாள்.

மாமியார் கரண்டியோடு வந்தாள். "புருஷனைக் கொன்னவனுக்கா வேண்டிக்கிறே? மனசுக்குள்ள சொல்லித் தொலையேண்டி!"

"மனசுக்குள்ள வரமாட்டேங்குது அத்தை. அங்க அவனைத் திட்டிட்டு இருக்கேன்."

"அப்போ மன்னிச்சுட்டியா?"

"யார் சொன்னா? நேர்ல வந்தா ஊசியாலயே குத்தணும்னு இருக்கு. அதுக்குத்தான் தினம் சொல்றேன்."

"கொலைகாரன்டி அவன்."

"மெத்தையைப் பிரிச்சா உள்ள மெத்தைன்னு தனியா ஒண்ணு கெடைக்குதா அத்தை? பஞ்சு, நாரு, கயிறு, துணி. அவனையும் பிரிச்சுப் பாத்துட்டேன். குடிச்சவன் இருக்கான். அண்ணன் பின்னாடியே சுத்தினவன் இருக்கான். நீங்க பெத்த புள்ளையும் இருக்கான். கொலைகாரன்னு தனியா ஒருத்தனைக் காணோம்."

மாமியார் கரண்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னொரு தரம் என் காதுல விழுந்துச்சு, இந்த வீட்டுல உனக்கு எடமில்ல."

பிறந்த வீட்டில் மெத்தைக்காரிக்கு யாரும் மிச்சமில்லை. நாத்தனார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்: "முணுமுணுத்துட்டுப் போயேன் அண்ணி. உன் புத்தருக்கு என்ன காது கேக்காதா?"

"புத்தருக்கா சொல்றேன்? எனக்குல்ல கேக்கணும்."

மறுநாளும் விளக்கேற்றினாள். விழுந்து கும்பிட்டாள். மூன்று பேரைச் சொல்லி முடித்தாள். நாலாவதற்கு வந்தபோது குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்தின நாளைவிட உரக்கச் சொன்னாள். அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. யாராவது வந்து போகச் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. விளக்கை அணைத்து, புத்தரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கிவிட்டாள்.

சமாதானம் பேசிக் கூட்டிவரப் போன நாத்தனார், போன இடத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து முதல் மூன்று பேருக்கும் சேர்ந்து சொன்னாள். தம்பியின் முறை வந்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள். மெத்தைக்காரி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருவருக்குமாகத் தானே சொன்னாள்.

இப்போது அவள் தான் வேலை பார்க்கும் மெத்தைப் பட்டறைக்குப் பின்னால், பின்தெருவைப் பார்த்த ஒற்றை அறையில் இருக்கிறாள். காலையில் கதவை விரியத் திறந்து, காற்றில் மூடாதபடி ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் நாலு பேருக்கும் சொல்ல உட்காருகிறாள்.