புங்க மரத்தில் கட்டிய கயிறு

போன வருடம் மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியிருந்த நேரம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்னப் பூங்காவில் நடந்தது இது. வீட்டாரைத் தவிர யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதும்போது எதிரில் யாரும் நின்று முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வயது ஐம்பதை நெருங்குகிறது. என் கணவர் சிறுசேரிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார்.

ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆரம்ப நிலைதான், ஆனால் அந்த மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுக்கும்போதே உள்ளே சிலிக்கானில் செய்த இம்பிளான்ட் ஒன்றை வைத்துப் பழைய வடிவத்தைக் கொடுத்துவிடலாம், விருப்பமா என்று டாக்டரம்மா கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்தார். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று ஊர் கேட்குமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அளவு பார்த்துத் தைக்கிற நான், என் ரவிக்கையை மட்டும் ஒரு பக்கம் துணி அடைத்துத் தைத்துக்கொள்வதை நினைத்துப் பார்த்தேன். "வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டேன். என் உடம்பைப் பற்றி நானாக ஒரு முடிவு சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண் வந்து பொறுமையாகச் சொன்னாள். "நல்லா நடங்கம்மா, நடக்கிறதுல தப்பே இல்ல. ஆனா இடது கை தோள் உயரத்துக்கு மேல போகவே கூடாது, அடுத்த செக்கப்ல டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும். பாரம் தூக்காதீங்க, எதையும் இழுக்காதீங்க, தள்ளாதீங்க. உள்ள வெச்சது சதையோட ஒட்டி ஒரு இடத்துல உட்காரணும். அதுவரைக்கும் குதிக்கிறது, ஓடுறது எல்லாம் வேண்டாம். வலிச்சா அங்கேயே நிறுத்திடணும். வீக்கமோ சிவப்போ ஜுரமோ வந்தா உடனே வந்துடணும்." கையை அப்படியே விட்டுவிடவும் கூடாதாம். சுவரில் விரல்களை நண்டு மாதிரி மெல்ல ஏற்றி, தோள் உயரம் வந்ததும் இறக்க வேண்டும். மார்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பட்டையான உள்ளாடை ஒன்றைப் பகலும் இரவும் போட்டிருக்கச் சொன்னார்கள்.

நான் மெதுவாகத் தெருவில் நடக்க ஆரம்பித்ததும் எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தோம் என்பது தெரியும், எதற்கென்று தெரியாது. எதிர்வீட்டுப் பெண் என் கணவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். அவர் என்ன சொல்வார் பாவம்? "தோள்பட்டை இறுகிப் போச்சும்மா, அதுக்குத்தான் வைத்தியம்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மறுக்கவில்லை. தோள்பட்டை என்றால் யார் முன்னாலும் சொல்லக்கூடிய உறுப்பு.

அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் தோள்பட்டை இறுகாத பெண்ணே இல்லை. ஆளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். அத்தனைக்கும் கடைசி வரி ஒன்றுதான்: வலித்தாலும் கையைத் தூக்கித் தூக்கிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

எதிர்வீட்டுப் பெண் என்னைவிட இளையவள். சத்தமாகப் பேசுவாள், யாருக்கு என்றாலும் முதலில் ஓடுவாள். "இன்னாக்கா, கை அப்புடியே கீது? வூட்டுல குந்தினு இருந்தா இன்னும் கெட்டியா பூடும். எங்க கூட பார்க்குக்கு வா" என்று கூப்பிட்டாள். நடக்கச் சொல்லியிருந்தார்களே, போனேன்.

பூங்காவில் தினமும் காலையில் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடப்பார்கள். ரிட்டயர் ஆன விளையாட்டு டீச்சர் ஒருவர்தான் தலைவி. கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். நடை முடிந்ததும் அவர் விசில் ஊதுவார், எல்லோரும் வட்டமாக நின்று குதித்துக் குதித்துக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்த் தட்ட வேண்டும். விமானப்படையின் சின்ன விமானங்கள் தலைக்கு மேல் சுற்றும் நேரம் அது. அந்த இரைச்சலையும் மீறி அவர் குரல் கேட்கும்.

நான் வட்டத்தில் ஓரமாக நின்று, குதிக்காமல், இடுப்பு உயரத்திலேயே கையைத் தட்டினேன். டீச்சர் விடவில்லை. "டெய்லரம்மா, இன்னும் கொஞ்சம் மேல! வலிக்கத்தான் செய்யும், வலிச்சாத்தான் சரியாகும்." நான் சிரித்து மழுப்புவேன். "இன்னைக்கு முடியல டீச்சர்" என்று தினமும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவர்களுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் கூடிப் பேசியிருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் பூங்காவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். புங்க மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு கம்பிச்சுருள், அதில் கிணற்று உருளை ஒன்று, உருளையில் புத்தம் புதிய நைலான் கயிறு. கயிற்றின் இரண்டு முனையிலும் கை வலிக்காமல் பிடிக்கத் துணி சுற்றியிருந்தது. ஒரு முனையைக் கீழே இழுத்தால் மறு முனையைப் பிடித்த கை தானாக மேலே போகும். ஆஸ்பத்திரியில் தோள்பட்டைக்காரர்களுக்கு இப்படித்தான் பயிற்சி தருகிறார்களாம். உருளையை மார்க்கெட்டில் தேடி வாங்கி வந்தவள் எதிர்வீட்டுப் பெண்.

"உனக்காகத்தாங்க்கா. என் வூட்டுக்காரு ஏணி போட்டுக் கட்டினாரு. யானை தொங்குனா கூட அறாது."

"யானை தொங்குறதுக்கு முன்னாடி டெய்லரம்மா தொங்கட்டும்" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எனக்காக ஏணி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? சற்றுத் தள்ளி நான்கைந்து ஆண்கள் வேறு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா பிடிப்பது போல் பிடித்துவிட்டு விட்டுவிடலாம் என்று எண்ணிக் கயிற்றின் ஒரு முனையை இடது கையால் பிடித்தேன்.

"நீ இயுக்காதக்கா, சும்மா புடிச்சுக்க. நான் பாத்துக்கறேன்" என்று மறு முனையை எதிர்வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இழுத்துவிட்டாள்.

இடது கை தோளைத் தாண்டி மேலே போனது. அக்குளுக்குக் கீழே சர்ரென்று ஒரு வலி. நான் தையல்காரி. இறுக்கமாகத் தைத்த துணியைப் பிடித்து இழுத்தால் தையல் விடுகிற சத்தம் எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் உடம்புக்குள் கேட்டது போல் இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு அப்படியே குனிந்துவிட்டேன்.

"அப்புடித்தாங்க்கா இருக்கும், இன்னொரு வாட்டி..." என்று அவள் கயிற்றை என் கையில் திணிக்க வந்தாள். வட்டமாக நின்ற அத்தனை பேரும் "விடாதே, விடாதே" என்று உற்சாகப்படுத்தினார்கள். மார்பு என்ற ஒற்றை வார்த்தையை அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் இன்னொரு முறை இழுத்தால் உள்ளே இருப்பது என்ன ஆகுமோ என்ற பயம், என் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் நின்ற டீச்சரின் கையைப் பிடித்து, முந்தானைக்கு அடியில் என் விலாவில் வைத்து அழுத்தினேன். அவர் விரல்களுக்கு அந்தப் பட்டை உள்ளாடை தட்டுப்பட்டது. அப்படியொன்றை அவர் முன்பே யாரிடமோ பார்த்திருக்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணில் நீர் நின்றது.

அவ்வளவுதான். விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

"எல்லாரும் இன்னும் ஒரு ரவுண்டு! ம், கிளம்பு கிளம்பு! என்ன வேடிக்கை?"

"இப்பதான டீச்சர் நடந்தோம்?"

"பேசுறவங்களுக்கு ரெண்டு ரவுண்டு."

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் போனார்கள். டீச்சர் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியும் அவருக்கு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எடுத்துட்டாங்களாம்மா?"

"எடுத்துட்டு... உள்ள வெச்சிருக்காங்க டீச்சர்."

அடுத்து அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன், இந்த வயசுல எதுக்கு என்று. அது வரவில்லை. "கை எவ்ளோ தூரம் தூக்கலாம்னு சொன்னாங்க? காட்டு" என்றார். வலது கையால் தோள் உயரத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "நான் பாவி, தினமும் மேல மேலன்னு கத்திட்டிருந்தேனே" என்றார். பிறகு அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். வழியெல்லாம் என் வலது கையை விடவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இம்பிளான்ட் இடம் மாறவில்லை, உள்ளே கொஞ்சம் நீர் மட்டும் கோத்திருக்கிறது என்றார். "இன்னும் நாலு தடவை இழுத்திருந்தா மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போகணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். சில நாள் ஓய்வாக இருக்கச் சொன்னார். இனிமேல் பூங்கா பக்கமே போகமாட்டேன் என்றேன். அதற்கும் திட்டினார். "நடக்கிறதை யாரு நிறுத்தச் சொன்னது? இது தோள்பட்டை நோய் இல்ல, அதுக்கு சொல்ற பயிற்சி உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு சொன்னதை மட்டும் செய்யுங்க."

ஓய்வு முடிந்து தயங்கித் தயங்கிப் பூங்காவுக்குப் போனேன். எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "நரம்பு பிசகிடுச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. என்னாலதானேக்கா? சோறே எறங்கலக்கா எனக்கு" என்று கண் கலங்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உருளை மரத்திலேயே இருந்தது. தோட்டக்காரர் அதில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி மாட்டியிருந்தார்.

நடை முடிந்தது. விசில் கேட்டது. வட்டமாக நின்றோம். நான் மறுபடியும் ஓரமாக நகர்ந்தேன்.

"இந்த வாரம் இடுப்பு வாரம்" என்று டீச்சர் அறிவித்தார். "ஒருத்தர் கையும் தோளுக்கு மேல போகக் கூடாது. போனா ஒரு ரவுண்டு எக்ஸ்ட்ரா."

"கை தட்டுறது இல்லியா டீச்சர்?"

"இல்ல. உங்க இடுப்பையெல்லாம் பாத்தா எனக்குத் தூக்கம் வரல."

எல்லோரும் சிரித்துக்கொண்டே கையை இடுப்பில் வைத்து மெதுவாகத் திரும்பினார்கள். குதிப்பதும் அன்றோடு நின்றது. என் கை எவ்வளவு உயரம் போகுமோ, அவ்வளவுதான் எல்லோர் கையும் போனது. அந்த வட்டத்தில் முதல் தடவையாக நான் தனியாகத் தெரியவில்லை. அடுத்த வாரமும் இடுப்பு வாரம். அதற்கடுத்த வாரமும். "டீச்சர், இடுப்பு தேஞ்சு பூடும்" என்று எதிர்வீட்டுப் பெண் கிண்டல் செய்தாள். டீச்சர் அசையவில்லை. என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பரிசோதனை முடிந்து, இனி கொஞ்சம் கொஞ்சமாகக் கையை உயர்த்தலாம் என்று டாக்டரம்மா சொன்னதை டீச்சரிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் அவர் விசில் ஊதி, "இடுப்பு வாரம் முடிஞ்சது. இனிமே கை. ஆனா அவங்கவங்க உடம்பு விடுற வரைக்கும்தான், யாரும் யாரையும் பாக்கக் கூடாது" என்றார். என் கை காது வரை போனது. இப்போது தலைக்கு மேல் போய்த் தட்டுகிறது. வலிக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவள். புங்க மரம், உருளை என்று படித்ததுமே எழுதியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். காரணம் என்னவென்று கேட்காமலே எனக்காக அத்தனை வாரமும் தங்கள் கைகளைத் தாழ்த்தி நின்றவர்களிடம் காரணத்தைச் சொல்ல, இனியும் நான் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?