கோழிப் படுக்கையில் முளைத்த கத்தரி

போன வாரம் மருமகள் மாடியில் நாற்று விடக் கடையிலிருந்து கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்று வாங்கிவந்தாள். நான் சும்மா இருப்பேனா? எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. நாற்று மண் என்றால் எனக்குக் கோழி நாற்றம்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. திருமுல்லைவாயிலில் குடியிருந்துகொண்டு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். பக்கத்து வீடு ஜெயசீலி அக்கா. அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலை கதவடைப்பில் கிடந்ததால், அக்கா கொல்லையில் கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்த்தார். அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு. கோழிகளுக்குக் கீழே மரத்தூள் பரப்பியிருக்கும். அவை விற்றுப்போனதும் எச்சமும் தூளுமாக வாரி வேலியோரம் கொட்டுவார். ஆடிக் காற்றில் அந்த நாற்றம் எங்கள் சாம்பாருக்குள் வந்து உட்காரும். ஈ வேறு. தெருவே கூடி, கொட்டகையை எடுக்கச் சொல்லி நகராட்சியில் மனு போட்டது. எழுதியது வேறு யார், என் பாழாய்ப்போன கைதான்.

நாலு நாள் கழித்து, நகராட்சி அனுப்பிய அந்த மனுவின் நகலோடு அக்கா என் வாசலிலேயே வந்து நின்றார். பதில் எழுதித் தர வேண்டுமாம். என் மனுவுக்கு நானே பதில் எழுதினேன். கழிவைக் கொட்டாமல் காய்கறி நாற்றுக்கு மண்ணாக்கிவிடுவோம் என்று அதில் அளந்தும் விட்டேன். கிறிஸ்துமஸ் வரை தவணை கிடைத்தது.

அளந்தவன் செய்து காட்ட வேண்டுமே!

"சூடு அடங்கட்டும் தம்பி, உள்ள கொதிச்சிக்கினு கீது" என்றார் அக்கா. பி.எஸ்சி. படித்தவன் கேட்பேனா? அள்ளிய கையோடு டின்களில் நிரப்பிக் கத்தரி விதைத்தேன். முளைத்ததெல்லாம் ஒரே வாரத்தில் கருகிப்போயிற்று. அக்கா மீதியிருந்த குவியலை நனைத்து, கோணி போர்த்தி, வாரம் ஒருமுறை புரட்டிப்போட்டார். ஐப்பசி வாக்கில் நாற்றம் போய், மழை பெய்த மண் மாதிரி மணத்தது. செம்மண் கலந்து மறுபடி விதைத்தோம். வந்தது பாருங்கள் நாற்று, அப்படி ஒரு பச்சை.

பார்க்க வந்த அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். கொட்டகை பிழைத்தது. அன்று சாயங்காலமே அக்கா கூடையோடு வீடு வீடாக நாற்று கொடுத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் இரண்டு, என் கையில் மட்டும் நாலு வைத்தார். எனக்கு எதற்குக் கூடுதல் என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்ட ஊட்டுக்கு ரெண்டு. எழுதின ஊட்டுக்கு நாலு."

முகத்தில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்; மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

இத்தனை காலம் கழித்தாவது சொல்லிவிடலாமென்று நேற்று அந்தத் தெருவுக்குப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஜெயசீலி என்று ஒருவர் இங்கே இருந்தாரே என்று நாலைந்து வீட்டில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.